நடுவில் ஒரு கோடு

முதல் பெயரில் சண்டை வரவில்லை.
ரூத்.
ஒரே அசை. கதவைச் சாத்துகிற சத்தம்.
தாதுக் கப்பல்துறையிலிருந்து வந்து
கைகூடக் கழுவாமல் உட்கார்ந்த டேரில் சொன்னான்.
சரி என்றேன், முட்டையைத் திருப்பிப் போட்டபடி.

கடைசிப் பெயரில் பேசவே எதுவுமில்லை.
ஹாபகோஸ்கி.
தொலைபேசியில் எழுத்தெழுத்தாக
இரண்டு முறை சொல்லியாக வேண்டிய பெயர்.
டுலூத்தில் பல் மருத்துவர் ஒரு மாதிரி எழுதுவார்,
மின்சார பில் வேறு மாதிரி வரும்.

நடுவில்தான் வழுக்கியது.

ரூத் தெல்மா:
தகரமும் தகரமும் முட்டி
நாக்கு பல்லில் இடறுகிறது.
ரூத் வில்ஹெல்மினா: டேரிலின் அத்தை.
தவழ்கிற பிள்ளைக்குப் பின்னால்
சரக்கு ரயிலை மாட்டிவிட்டது போல.
ரூத் ஜாய்ஸ்:
அவனுடைய பழைய சிநேகிதி.
அப்படி யாருமில்லை என்கிறான்,
காது மட்டும் சிவக்கிறது.

நடுப்பெயர் எதற்கென்று இங்கே
எல்லோருக்கும் தெரியும்.
கோபத்துக்கு.
மற்ற நாளெல்லாம் அது
அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும்.

அதனால் பின்கதவைத் திறந்தேன்.
உறைகுளிரில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு
கத்திப் பார்த்தேன்:
ரூத் டெல்லா ஹாபகோஸ்கி, உள்ளே வா!
பக்கத்து வீட்டு பெல்லா
வேலியைத் தாண்டிப் பனி பறக்க வந்து
வாலாட்டிக்கொண்டு
என் காலடியில் உட்கார்ந்தது.

டெல்லாவை அடித்தோம்.

எனக்கு நடுப்பெயர் கிடையாது.
எட்டாவது பிள்ளை நான்.
மூத்த ஏழு பேருக்கும் இரண்டிரண்டாகக் கொடுத்து
அம்மாவுக்குத் தீர்ந்துபோயிற்று.
பள்ளிச் சான்றிதழில், ஓட்டுநர் உரிமத்தில்,
இப்போது மருத்துவமனை அட்டையிலும்
லோர்னாவுக்குப் பிறகு ஒரு கோடு.
அண்ணன்களின் முழுப் பெயரும் முழங்கும்போது
சமையலறை ஜன்னல் அதிரும்.
எனக்கு வெறும் லோர்னா;
கோபமா, உப்பை எடுத்துத் தரச் சொல்கிறாளா,
திரும்பி முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

டேரிலிடம் இதைச் சொன்னதில்லை.
பதினோரு ஆண்டாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
பட்டியலில் ஐம்பத்திரண்டு குழந்தைகள்.
ஒவ்வொரு பெயருக்கும் நடுவில்
ஒற்றை எழுத்து, ஒரு புள்ளி.
அந்த எழுத்துக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்,
செத்துப்போன சித்தப்பா,
பிரசவம் பார்த்த மருத்துவச்சி,
அப்பா இளவயதில் மீன் பிடித்த ஆறு.
யாரும் இறங்குவதில்லை.
சிவப்பு விளக்கில் நிற்கும்போது
யாரென்று ஊகித்துக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை.
தேவாலயத்தின் நிலவறையில் பழைய துணி விற்பனை.
பாசிப் பச்சையில் ஒரு குட்டிக் கோட்டு, நான்கு டாலர்.
கழுத்துப் பட்டையின் உட்புறம்
சிவப்பு நூலில் யாரோ தைத்திருந்தார்கள்:
சைமா.
அதன் கீழே, பாதி பிரிந்துபோய்,
அறை நான்கு.

காசு வாங்கியவளுக்குத் தெரியவில்லை யாரென்று.
பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது யாரென்றும்.

வண்டிக்குள் சூடு ஏறக் காத்திருந்து
சொல்லிப் பார்த்தேன்.
ரூத். சைமா.
சாத்திய கதவு மறுபடி திறக்கிறது,
வாய் திறந்தபடியே முடிகிறது பெயர்.
அந்த இடைவெளியில்
ஹாபகோஸ்கி குனியாமல் நுழையலாம்.

யார் சைமா?
யாருமில்லை.
நம் பக்கத்து ஆளா?
தெரியாது. நாலாம் அறையில் இருந்திருக்கிறாள்.
உருளைக்கிழங்கை வெகுநேரம் மென்றான்.
அத்தைக்கு என்ன சொல்வது?
கோட்டின் பெயர் என்று சொல்.

விளக்கை அணைத்த பிறகு கேட்டான்:
கத்திப் பார்த்தாயா?

இல்லை.

எழுந்து போனான், காலுறையோடு.
பின்கதவு திறந்தது.
கட்டைக் குரலில், மூன்று பெயரும், நிதானமாக,
ஏரிவரை போயிருக்கும்.
தெருவில் எங்கோ ஒரு விளக்கு எரிந்தது.
நெடுநேரம் நின்றான்.
குளிர் படுக்கையறைவரை வந்துவிட்டது.

பெல்லா வரவில்லை, என்றான் அங்கிருந்தே.

நல்லது, என்றேன்.
கதவைச் சாத்து.